குஞ்சம்மா மில்லுக்கு வந்த ஆபீஸர்

மெர்லிமாவ் பக்கத்தில் மிளகாய்த்தூள் அரைக்க அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போய்க் கால்கடுக்க நிற்பது. இன்னொன்று, குஞ்சம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே அரைத்துக்கொண்டு வருவது. பெரும்பாலான பெண்கள் திட்டே மேல் என்றுதான் வந்தார்கள். "மல்லிய ஒழுங்கா வறுக்காமக் கொண்டாந்துட்டு, தூளு மணக்கலன்னு எங்கிட்ட வந்து நிக்காதலா. அப்புறம் உன் புருஷன் கத்தறதுக்கு முன்னாடி நான் கத்துவேன்" என்பாள். சொல்லிக்கொண்டே, பையைப் பிடித்தவளின் கைக்குழந்தைக்கு ஒரு முறுக்கை எடுத்து நீட்டுவாள். வாய்க்கும் கைக்கும் சம்பந்தமே இல்லாத பெண்பிள்ளை.

அவள் மேட்டுத் தோட்டத்தில் பிறந்தவள். அந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் பலகையில் வேறொரு ஆங்கிலப் பெயர் இருந்தது, ஆனால் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. கோல்ஃப் மைதானம் வரப்போகிறது என்று சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். கையில் கிடைத்த பணத்தில் சிலர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். சிலர் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். சிலர் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கே ஞாபகமில்லை. குஞ்சம்மா மட்டும் யாரிடமும் யோசனை கேட்காமல் ஒரு மாவு மில்லை வாங்கிக்கொண்டு வந்தாள்.

தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் ஆற்றோரமாகப் புதிதாகக் கட்டிய தாமான் மெலாத்தி குடியிருப்பின் வரிசை வீடுகளுக்குக் குடிவந்தார்கள். கடைசி வீடு குஞ்சம்மாவுடையது. வீட்டு முன்புறத்தை நீட்டித் தகரம் போட்டு, அங்கேயே மில்லை வைத்தாள். வந்த வருஷமே அவள் கணவர் சின்னத்தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. தோட்டத்து லாரியை இருபது வருஷம் ஓட்டிய மனிதர், ஒரு பக்கம் முழுக்க விளங்காமல் போய்விட்டார். பேச்சும் போய்விட்டது. அறிவு மட்டும் சுத்தமாக இருந்தது. எல்லாம் புரியும், ஒன்றையும் சொல்ல முடியாது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வரும். கோபம், பசி, சிரிப்பு எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான். எது எது என்று குஞ்சம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருப்பாள். மாவு தள்ளுகிற நேரத்திலேயே ஓடிப்போய் வாயைத் துடைத்துவிடுவாள், சோறு ஊட்டுவாள், வெயில் பட்டால் நாற்காலியைத் தள்ளிப் போடுவாள். பிள்ளை இல்லாத வீடு. மில் இருக்கும்வரை அவரைவிட்டு அவள் நகர வேண்டியதில்லை. மில் போனால் பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கத்தான் போகவேண்டும். விடியுமுன் லாரி ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. அதுவரை இவரை யார் தூக்கி உட்கார வைப்பது, யார் தண்ணீர் கொடுப்பது? அந்தப் பயத்தைத்தான் அவள் ஊரையெல்லாம் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

வெள்ளம் பற்றிய யோசனை அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்கள் மேட்டில் இருந்தன. எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதே அந்த ஆட்களுக்குத் தெரியாத சங்கதி. தாமானுக்கு அடுத்தாற்போல் கம்போங் பாயா என்கிற கிராமம். அங்கே மலாய்க்கார வீடுகள் எல்லாம் ஆள் உயரக் கால்களின்மேல் நின்றன. "அது அவங்க பழக்கம்லா. நமக்குக் கல்வீடு, அவங்களுக்குக் கால்வீடு" என்று நம் ஆட்கள் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இத்தனைக்கும் 'பாயா' என்றால் சதுப்பு என்று தெரிகிற அளவுக்கு அவர்கள் எல்லாருக்கும் மலாய் தெரியும். பெயரிலேயே எழுதி வைத்திருந்தும் யாரும் யோசிக்கவில்லை.

குஞ்சம்மா யோசித்தாள். ஒரு நாள் கம்போங்கிலிருந்து மிளகாய் அரைக்க வந்த, எல்லாரும் மக்சிக், அதாவது சின்னம்மா, என்று கூப்பிடுகிற ரொக்கியாவிடம், ஏன் உங்கள் வீட்டுக்கு இத்தனை உயரமான கால் என்று கேட்டாள். ரொக்கியா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டுத் தூண் ஒன்றைக் காட்டினாள். தூணில் அரிவாளால் வெட்டிய தழும்பு இருந்தது. தான் கல்யாணமாகி வந்த வருஷம் தண்ணீர் நின்ற இடம் அது என்றாள். குஞ்சம்மா அந்தத் தழும்புக்கு நேராக நின்று பார்த்தாள். அது அவள் மார்புக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மில் மோட்டாருக்கு நேராக நின்று பார்த்தாள். மோட்டார் முழங்காலுக்குத்தான் வந்தது.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று அடுத்த வீட்டுக்காரி சொல்வாள். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு மோட்டாருக்கு இடுப்பு உயரத்தில் சிமெண்டுத் திட்டு கட்டச் சொன்னாள். அதற்குமேல் உயர்த்தினால் பெல்ட் நிற்காது என்றான் கொத்தனார். சரி, மிச்சத்துக்கு வேறு வழி பார்க்கிறேன் என்று இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஹரிதாஸை வரச்சொன்னாள்.

ஹரிதாஸ் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போகிற ஆள். நல்ல பையன். நெருப்பு இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று விரித்துப் பேச ஆரம்பித்தான்.

"நெருப்ப நான் பாத்துக்கறேன் தம்பி. தண்ணிக்கு உண்டா?" என்றாள்.

"தண்ணிக்கா? நெருப்புக்குப் போட்டா தண்ணிக்குச் செல்லாதுக்கா. அதத் தனியாச் சேக்கணும். கூடக் கட்டணும். இங்க யாரும் அதக் கேட்டதே இல்ல."

"யாரும் கேக்காட்டி என்னா? நான் கேக்கறேன். மெஷினு, மிளகாய் மூட்டை, வீட்டுச் சுவரு, எல்லாத்துக்கும் தண்ணியச் சேத்துப் போடு."

ஹரிதாஸ் சேர்த்துப் போட்டான். போகும்போது ஒன்று சொன்னான். அதை அவள் மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வெள்ளம் வந்துச்சுன்னா, கம்பெனி ஆளு வந்து கண்ணால பாக்கற வரைக்கும் எதையும் கழுவாதீங்க, எதையும் தூக்கிப் போடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு நல்லமுத்துதான் அதிகமாகச் சிரித்தார். அவர் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர். குஞ்சம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். மில்லில் எந்தக் கோளாறு வந்தாலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார், கூலி என்று ஒரு சல்லிக்காசு வாங்கியதில்லை. "தண்ணிக்கு இன்சூரன்ஸாம்! அடுத்தது காத்துக்குப் போடு தங்கச்சி" என்றார். "உங்க வாய்க்குப் போடணும்ண்ணே, அதுதான் எப்பவும் ஓட்டை" என்றாள் அவள்.

மூன்று மழைக்காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் வயிற்றைக் கட்டி அந்தத் தவணையைக் கட்டினாள். நான்காவது வருஷம், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெள்ளம் வந்தது.

மழை நான்கு நாளாக விடாமல் பெய்தது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, ஆறு போக வழியில்லாமல் திரும்பி வந்தது. பட்டப்பகலில், சமையல் நேரத்தில், கழிவறை ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் முதலில் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு வாசல் வழியாக வந்தது. நல்லமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் சின்னத்தம்பியை நாற்காலியோடு தூக்கி ரொக்கியா வீட்டுப் படியேற்றினார்கள். மேலே நின்று பார்த்த குஞ்சம்மாவுக்கு மில்லின் மேல்வாய் மட்டும்தான் தெரிந்தது. மோட்டார், திட்டு, மிளகாய் மூட்டை எல்லாம் தண்ணீருக்கடியில். அவள் அழவில்லை. "இருக்கட்டும். நான் கட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் கணுக்கால்வரை சேறு. சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. மூட்டைகள் ஊறி வெடித்து, மிளகாயும் அரிசியும் கலந்து அழுகிய நாற்றம். தெருவில் எல்லாரும் வாளியும் துடைப்பமுமாக இறங்கினார்கள். குஞ்சம்மா ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. சின்னத்தம்பியின் கட்டிலுக்கு மட்டும் ஒரு மூலையில் இடம் ஒதுக்கிவிட்டு, சீனன் காப்பிக்கடைக்குப் போய் ஹரிதாஸுக்குப் போன் போட்டாள். கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், ஆள் வருவார் என்றான்.

ஆள் வரவில்லை. மாநிலம் முழுக்கத் தண்ணீர், பார்க்கப் போகிற ஆட்களோ சில பேர்தான். சேறு காய்ந்து வெடித்தது. நாற்றம் தலையைச் சுற்றியது. சின்னத்தம்பிக்கு இருமல் கண்டது. ராத்திரியெல்லாம் இருமினார், பகலில் மூச்சுக்குத் திணறினார். அவள் ஈரத்துணியால் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவினால் அவர் மூச்சு பிழைக்கும், கழுவாவிட்டால் மில் பிழைக்கும். இப்படி ஒரு இடுக்கில் மாட்டிக்கொண்டவளைப் பார்த்துத் தெருப் பெண்கள் பேசினார்கள். பாவம், அதிர்ச்சியில் கை ஓடவில்லை, இல்லாவிட்டால் குஞ்சம்மாவாவது வீட்டைக் குப்பையாக வைத்திருப்பதாவது என்றார்கள்.

"தங்கச்சி, நாங்க வந்து ஒரு கை போடறோமே" என்றார் நல்லமுத்து.

"வேணாம்ண்ணே. ஆபீஸரு வந்து பாக்கணும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

நம் ஆட்களிடம் யாராவது உதவிக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்பதுதான் மரியாதை. வேண்டாம் என்றதும் விட்டுவிட்டுப் போனால் அதுதான் அவமரியாதை. நல்லமுத்து பிறந்ததிலிருந்து கேட்ட வேண்டாம்கள் எல்லாம் அந்த வகை. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

போகிப் பண்டிகையன்று காலையில் குஞ்சம்மா இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். சின்னத்தம்பிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, நல்லமுத்துவின் மனைவி ராஜம்மாவிடம், "அண்ணி, இவரக் கொஞ்சம் பாத்துக்குங்க. நான் மலாக்காவுக்குப் போறேன். இன்னைக்கு ஆபீஸரக் கையோட கூட்டிக்கிட்டுத்தான் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

இன்றைக்கு ஆபீஸர் வருகிறார். அந்த ஒரு சேதி போதும், தெரு முழுக்க எழுந்துவிட்டது.

இங்கே தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தோட்டத்தில் துரை வருகிறார், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் லயம் பார்க்க வருகிறார் என்றால் அதற்கு முன்தினமே ஆரம்பித்துவிடுவார்கள். கால்வாய் கூட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலம் போட்டு, பிள்ளைகளுக்குத் தலைவாரி நிறுத்துவார்கள். வீடு அழுக்காக இருந்தால் ஏச்சு. சுத்தமாக இருந்தால் துரை சிரிப்பார், அன்றைக்குக் கேட்டால் கூரைத் தகரம்கூடக் கிடைக்கும். ஆபீஸர் என்பவர் மேலே இருந்து வந்து, பார்த்து, மனம் குளிர்ந்து, கொடுப்பவர். மூன்று தலைமுறையாக அவர்கள் கண்ட ஆபீஸர்கள் எல்லாம் அப்படித்தான். சேதத்தைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு ஆபீஸர் உலகத்தில் இருப்பார் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

"இந்தக் கோலத்துல வீட்ட வச்சிக்கிட்டு ஆபீஸரக் கூட்டியாந்தா, அவரு காசு குடுப்பாராலா? காறித் துப்பிட்டுப் போவாரு!" என்றார் நல்லமுத்து. "பொம்பள ஒத்தையா என்னா பண்ணுவா? வாங்க எல்லாரும்!"

வந்தார்கள். தன் வீட்டில் இன்னும் சேறு வாராதவன்கூட வந்தான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சேற்றை வழித்தார்கள். அழுகிய மூட்டை, ஊறின மெத்தை, பிளந்துபோன அலமாரி எல்லாவற்றையும் தெருமுனைக்கு இழுத்துப்போய், போகிதானே என்று தீ வைத்தார்கள். யாரோ சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தார்கள். பழுப்புக் கோடு ஒரு பூச்சில் மறையவில்லை. இரண்டாம் பூச்சில் மறைந்தது.

சின்னத்தம்பிக்கு எல்லாம் தெரியும். ஹரிதாஸ் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர். நல்ல கையால் நாற்காலிப் பிடியை டம் டம் என்று அடித்தார். தொண்டை கிழிய அந்தச் சத்தத்தைப் போட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாரு, அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கல" என்றாள் ராஜம்மா. பக்கத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரின் மட்டையை அவர் எட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவரும் உதவி செய்ய ஆசைப்படுகிறார் என்று எல்லாரும் நெகிழ்ந்துபோய், விரல் விரலாகப் பிரித்து மட்டையை வாங்கிக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. அடித்துக்கொண்டேதான் இருந்தார்.

நல்லமுத்து மில்லைவிட்டு அசையவில்லை. மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டினார். மெஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். காலையிலிருந்து சோறுகூடத் தின்னவில்லை அந்த மனிதர்.

அதே நேரம் மலாக்காவில் குஞ்சம்மா கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சொன்ன வாட்ச்மேனையும் திட்டி உட்கார வைத்துவிட்டாள். கடைசியில் யூஜின் என்ற இளைஞர் இறங்கி வந்தார். டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. சேதம் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. மெர்லிமாவ் அடுத்த வாரம் என்றார்.

"அடுத்த வாரம் வரைக்கும் எங்க வீட்டுக்காரரு மூச்சு தாங்காது தம்பி. சேத்துலதான் படுத்திருக்காரு. நீங்க ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா, நான் உடனே கழுவிருவேன். உங்கள கும்பிட்டுக் கேக்கறேன்." திட்டுவதைத் தவிர வேறு தெரியாதவள், கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

யூஜின் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார்.

வழியெல்லாம் குஞ்சம்மா பேசினாள். தண்ணீர் எப்படி வந்தது, எதுவரை நின்றது, தெருவே சிரித்தபோதும் தான் எப்படி விடாமல் கட்டினாள், எதையும் தொடாமல் எப்படிக் காத்திருக்கிறாள் என்று சொன்னாள். "நீங்களே பாருங்க தம்பி. கோடு போட்ட மாதிரி சுவத்துல நிக்குது" என்றாள். யூஜினுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேல சுலபம்மா. கவலப்படாதீங்க, மோட்டார் நனஞ்சிருந்தா புதுசு கெடச்சிரும்" என்றார். அவள் ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

கார் தெருவுக்குள் திரும்பியது. முனையில் நெருப்பு புகைந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் பெரிய கோலம். தென்னங்குருத்துத் தோரணம். சுவர் கண் கூசும் வெள்ளை. தெரு ஆட்கள் எல்லாரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக நின்றார்கள். குஞ்சம்மா காரிலிருந்து இறங்கினாள். எங்கேயோ வேறு வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் ஒரு நிமிஷம் நின்றாள்.

நல்லமுத்து ஓடிவந்து யூஜின் கழுத்தில் மாலையைப் போட்டார். "வாங்க சார், வாங்க. ஒரு கொறையும் இல்ல சார். எல்லாம் நல்லபடியா இருக்கு."

"ஐயோ" என்றாள் குஞ்சம்மா. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

யூஜின் மாலையோடு உள்ளே போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், கையில் சுண்ணாம்பு ஒட்டியது. "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?"

"இங்க தம்பி, இங்க இருந்துச்சு!" அவள் நகத்தால் சுவரைச் சுரண்டினாள். ஈரச் சுண்ணாம்பு குழைந்து விரலில் வந்ததே தவிர, கோடு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரக்கு மூட்டை?"

"கெட்டுப்போனத எல்லாம் எரிச்சாச்சு சார். ஒண்ணு மிச்சம் வைக்கல" என்றார் கூட்டத்தில் ஒருவர், பெருமையாக.

"யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா?" ஒருவரும் எடுக்கவில்லை. அந்தத் தெருவில் கேமரா கல்யாணத்துக்குத்தான் வரும்.

குஞ்சம்மா தெருமுனைக்கு ஓடினாள். புகைகிற நெருப்புக்குள் கையைவிட்டு, பாதி எரிந்த சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். "இதுதான் தம்பி மிளகாய் மூட்டை, இதுதான்!" சாக்கிலிருந்து சாம்பல்தான் கொட்டியது. பிறகு யூஜினின் கையைப் பிடித்து ரொக்கியா வீட்டுக்கு இழுத்தாள். தூணில் பழைய தழும்புக்குக் கீழே, நான்கு விரற்கடையில், புதுச் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. "பாருங்க, இதே தண்ணிதானே எங்க வீட்டுலயும்?"

"எனக்குத் தெரியுதும்மா" என்றார் யூஜின். "ஆனா இது அவங்க வீடு. உங்க வீட்டுல பாத்ததத்தான் நான் எழுதமுடியும். பரவால்ல, மோட்டாரப் பாப்போம். தண்ணிக்குள்ள இருந்த மோட்டாரு ஓடாது. அது ஒண்ணு போதும்."

அவள் முகத்தில் உயிர் வந்தது. இருவரும் வேகமாகத் திரும்பி நடந்தார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் நல்லமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு மெஷின் பக்கத்தில் நின்றார். நாற்காலியில் சின்னத்தம்பி பிடியை உடைப்பதுபோல் அடித்தார். குஞ்சம்மாவுக்கு அந்தச் சத்தம் தெருவிலேயே புரிந்துவிட்டது. "அண்ணே, வேணாம்! கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

நல்லமுத்துவுக்கு அதுவும் மரியாதைக்குச் சொன்ன வேண்டாம்தான். "பாருங்க சார், தோட்டத்து வேல எப்படின்னு" என்று சுவிட்சைப் போட்டார்.

மில் ஓடியது. முன்னைவிட நன்றாக, இழைத்தாற்போல் ஓடியது. தெரு ஆட்கள் கைதட்டினார்கள்.

 யூஜின் மாலையைக் கழற்றிச் சின்னத்தம்பியின் மடியில் வைத்தார். குஞ்சம்மாவைப் பார்க்கவில்லை. "மன்னிச்சிருங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் முனை திரும்பி மறைந்த பிறகு மோட்டாரிலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. உள்ளே காயாமல் இருந்த ஈரம் வேலையைக் காட்டிவிட்டது. குபுக்கென்று புகை கிளம்பி, ஒரு வெடிச் சத்தத்தோடு மில் நின்றது. குஞ்சம்மா செருப்பில்லாமல் பெரிய ரோடுவரை ஓடினாள். "தம்பி, எரிஞ்சிருச்சு! வந்து பாருங்க, எரிஞ்சிருச்சு!" என்று போகிற காருக்கெல்லாம் கையைக் காட்டினாள். அவள் கத்துவது எந்தக் காருக்கும் கேட்கவில்லை.

ஹரிதாஸ் அவளுக்காகக் கம்பெனிக்குப் பத்து முறை நடந்தான். ஆள் போய்ப் பார்த்தபோது மெஷின் ஓடியது, பிறகு எரிந்தது வெள்ளத்தால் அல்ல, ஈர மோட்டாரைப் போட்டதால் என்று சொல்லிவிட்டார்கள். சரக்குக்கும் சுவருக்கும் சாட்சி இல்லை என்றார்கள். அதை அவளிடம் சொல்ல வந்த அன்றைக்கு அவன் வண்டியிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று. வேறு மோட்டார் வாங்கிக்கொடுக்கத் தெருவில் யாருக்கும் வசதியில்லை. எல்லார் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது, யாருக்கும் இன்சூரன்ஸும் இல்லை.

மில் எரிந்த சாயங்காலம் எல்லாரும் குஞ்சம்மா திட்டுவாள் என்று காத்திருந்தார்கள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவர்களுக்கு. நல்லமுத்து வாசற்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எரிகிற மோட்டாரை அணைக்கப் போய் இரண்டு கையும் வெந்துபோயிருந்தது. அவள் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "பூசிக்குங்கண்ணே" என்றாள். நல்லமுத்து அழுத மாதிரி ஒரு ஆம்பிளை அழுது நான் கேட்டதில்லை.

தைப்பூசம் கழிந்ததும் அவள் செம்பனைக்குப் போக ஆரம்பித்தாள். விடியுமுன் தெருமுனையில் லாரி வந்து ஹாரன் அடிக்கும். சின்னத்தம்பிக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு அவள் ஓடுவாள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவர் நல்ல கையால் பிடியை அடிக்கத் தொடங்குவார், டம் டம் என்று. அன்றைக்கு அதைச் சந்தோஷம் என்று சொன்னவர்கள் எல்லாரும் இப்போது அவரவர் வீட்டில் விழித்துப் படுத்துக்கொண்டு அதைக் கேட்பார்கள். நல்லமுத்து மட்டும் எழுந்து, இருட்டில் தெருவைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்த அவருக்குத் துணிச்சல் வருவதில்லை. அது தானாக ஓயும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.